“பெருவிரல் சார் உள்ள இருக்காரா?” – வேலூர் கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வேலூரில் செருப்புக்கடை, துணிக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, ஓட்டல், லாட்ஜ் நடத்துகிற முதலாளிமார்களுக்கும், அந்தக் கடைகளில் ஃப்ளோர் பார்த்துக்கொள்கிற மேனேஜர், சூப்பர்வைசர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நான் செருப்புக்கடையில் வேலை செய்கிறவன். 21 வருடம் ஆகிறது. அதில் 17 வருடம் குழந்தைகள் செக்‌ஷன். இந்த ஊரிலேயே மூன்று கடை மாறியிருக்கிறேன். மடல் எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் போன மாதம் ஒரு கடையில் பார்த்தது மனதைவிட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி பெண்ணுக்குக் காதுகுத்து. துணி எடுக்கக் குடும்பமாகப் போயிருந்தோம். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. குழந்தைக்கு நாலு வயசு. பாவாடையைப் போட்டுப் பார்க்கவே மாட்டேன் என்று கடை நடுவில் இருந்த தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் தங்கச்சி கெஞ்சினாள், மாப்பிள்ளை மிரட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. கவுண்டரில் நின்ற பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். அந்தப் பெண் மெதுவாக வெளியே வந்து, பாவாடையைத் தூணைச் சுற்றிப் பிடித்து, “சரி, பாப்பாவுக்கு வேணாம். தூணுக்கே எடுத்துக்கலாம். தூணுக்கு சைஸ் சரியா இருக்கா பாரு” என்றாள். குழந்தை அழுகையை நிறுத்திப் பார்த்தது. “தூணுக்குப் பத்தாது” என்றது. “ஐயோ, அப்போ யாருக்குப் பத்தும்?” “எனக்கு.”

அவ்வளவுதான். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம், பக்கத்துக் குடும்பமும் சிரித்தது. அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டார். எங்கள் முன்னாலேயே, “துணிய தூணுல கட்டி இன்னா வெளையாட்டு? கஸ்டமர் கிட்ட வேலையப் பாத்து பேசு” என்றார். அந்தப் பெண்ணின் முகம் சின்னதாகப் போய்விட்டது. அதற்கப்புறம் சைஸ் என்ன, விலை என்ன என்று மட்டும்தான் பேசினாள். மூன்று உருப்படி எடுப்பதாகப் போன நாங்கள் ஒன்றோடு கிளம்பினோம். யாரும் பேசிவைத்துக்கொண்டு கிளம்பவில்லை. அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெண் செய்தது விளையாட்டு இல்லை ஐயா. வேலை. எங்கள் தொழிலை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பிள்ளைக்கு ஷூ போட்டுப் பார்ப்பது சின்ன வேலை போலத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கிற நேரத்தில் வந்து பாருங்கள். ஆறு வயசுப் பையன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். புது இடம், கூட்டம், முன்பின் தெரியாத ஆள் காலைப் பிடிக்கிறான். பயத்தில் பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். மடக்கிய காலுக்கு ஷூ போட்டு, முனையை அமுக்கிப் பார்த்தால் இடம் நிறைய இருப்பது போலத் தெரியும். “கரெக்டா இருக்கு, பில் போடுங்க” என்று அம்மா சொல்லிவிடுவார். வீட்டுக்குப் போய்ப் பையன் விரலை நீட்டினால் இடிக்கும். ரெண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம், மூன்றாம் நாள் கடை வாசலில் சண்டை. மண்ணில் போட்டு நடந்த ஷூவைத் திருப்பி எடுக்க முடியாது என்று நாம் சொல்வோம், அவர்கள் கத்துவார்கள்.

அதனால் நான் என்ன செய்வேன் என்றால், ஷூவைப் போட்டதும் முனையில் ரெண்டு தட்டு தட்டிக் கதவைத் தட்டுவது போலக் கேட்பேன்: “பெருவிரல் சார், பெருவிரல் சார், உள்ள இருக்காரா?” பையன் முதலில் முழிப்பான். “பதிலே காணோமே, தூங்கறாரு போல. கொஞ்சம் எழுப்பி விடு நைனா.” அவன் சிரித்துக்கொண்டே உள்ளே விரலை ஆட்டுவான். விரலை ஆட்டுகிற பிள்ளை விரலை மடக்க முடியாது. அப்போது எழுந்து நிற்கச் சொல்லி, ரெண்டு காலிலும் பாரம் இறங்கியதும் முனையில் கட்டைவிரல் வைத்து அமுக்கிப் பார்த்தால் உண்மை அளவு கிடைக்கும். என் கட்டைவிரல் அகலத்துக்கு முன்னால் இடம் இருக்க வேண்டும், குதிகால் கழலக் கூடாது. சரியான சைஸை அந்தச் சிரிப்புதான் எடுத்துக் கொடுக்கிறது. அளவுப் பலகை தனியாகக் கொடுக்காது.

இன்னொன்று. பிள்ளைகள் ஷூ சைஸ் தெரிந்தவர்களுக்குத் தெரியும், 13 வரை போய், அதற்கப்புறம் மறுபடி 1-லிருந்து ஆரம்பிக்கும். இங்கிலாந்துக்காரர்கள் பார்லி மணியை வரிசையாக வைத்து அளந்த பழைய கணக்கு அது. ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வித்தியாசம். வருடா வருடம் இதில் ஒரு குழப்பம் வரும். “போன வருசம் 13 போட்டான், இப்ப 1 எடுத்துட்டு வரீங்களே, இன்னாங்க இது?” என்று அப்பா குரலை உயர்த்துவார். நாம் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார். பார்லி மணிக் கதையை அங்கே ஆரம்பித்தால் கேட்க ஆள் இருக்காது. நான் பையனைப் பார்த்து, “13-ஆங் கிளாஸ் பாஸ் பண்ணிட்டான் சார், இனிமே பெரியவங்க காலேஜுல ஃபர்ஸ்ட் இயர்” என்பேன். அப்பாவுக்கு விஷயமும் புரிந்துவிடும், கோபமும் போய்விடும். பையன் ஓர் அங்குலம் நிமிர்ந்து நடப்பான். போன ஜூனில் ஒருத்தன் கண்ணாடி முன்னால் நின்று, “அம்மா, நான் ஃபர்ஸ்ட் இயர்” என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னான். பில் கவுண்டரில் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது, வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முக்கால் மணி நேரமாக வரிசையில் நிற்கிறார்கள். அந்த நிமிடம் யாருக்கும் எரிச்சல் இல்லை.

பெரியவர்கள் விஷயம் வேறு. ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து ஓர் ஆயா வந்திருந்தார். பேத்திக்குச் செருப்பு எடுத்த கையோடு, மகன் அவருக்கும் ஒன்று எடுக்கச் சொன்னார். ஆயாவுக்குச் சர்க்கரை. நான் காலைப் பிடிக்கப் போனதும் சட்டென்று இழுத்துக்கொண்டார். “வேணாம் நைனா, என் காலப் போயி நீ தொடறதா. பாவம்.” எங்கள் ஊர்ப் பக்கத்து வயசானவர்கள் பாதிப் பேர் இப்படித்தான். நான் சொன்னேன்: “ஆயா, பெரியவங்க கால தொட்டா ஆசீர்வாதம்னு சொல்லுவாங்க. காலையில இருந்து முப்பது பேரு கால தொட்டு ஆசீர்வாதம் வாங்கிட்டேன். நீங்க மட்டும் பாக்கி வெச்சா எப்படி?” ஆயா பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். “நல்லா இரு நைனா” என்று தலையில் கை வைத்துவிட்டு, காலையும் நீட்டினார். திருப்பிப் பார்த்தேன். குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் முள் குத்தி, சுற்றிலும் சிவந்து, நடுவில் சீழ் கட்டியிருந்தது. அவருக்குத் தெரியவே தெரியாது. சர்க்கரையில் கால் மரத்துப்போனால் வலி தெரியாது. “இறுக்கமா இருக்கா ஆயா?” என்று கேட்டால் “இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு” என்றுதான் சொல்வார்கள். கண்ணால் பார்த்தால்தான் உண்டு. அன்றைக்குச் செருப்பு விற்கவில்லை. மகனிடம் காட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து மகன் வந்து, சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்கிற எம்.சி.ஆர். செருப்பு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

மரத்த காலுக்குச் செருப்பு என்பது இந்த மண்ணில் பெரிய விஷயம். 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் உணர்வு போன கைகால்களுக்காக இங்கேயே உட்கார்ந்து உழைத்தவர். அவரோடு வேலை செய்தவர்களும், பக்கத்தில் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்காரர்களும், காலில் எங்கே அழுத்தம் விழுகிறது, எந்த ரப்பர் அதைத் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துச் செருப்பு செய்தார்கள். இன்றைக்குச் சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு அந்த வழியில் வந்ததுதான். கால் பார்க்கிற வேலையை அவ்வளவு மரியாதையாகச் செய்த ஊரில் நாம் செருப்பு விற்கிறோம். அந்த ஆயா என் பேச்சுக்குச் சிரிக்காமல் போயிருந்தால் காலை நீட்டியிருக்க மாட்டார்.

வேலூரில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு நம் கடைக்கு யார் வருகிறார்கள் என்று தெரியும். ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்றைக்கு எத்தனை மாநிலத்துக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து இறக்குகிறது. காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் போனால் போர்டெல்லாம் வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று வருகிறார்கள். லாட்ஜில் ரூம் எடுத்து, ஒரு ஸ்டவ்வை வாடகைக்கு வாங்கிச் சமைத்துக்கொண்டு, ஒரு டெஸ்டுக்கும் அடுத்த டெஸ்டுக்கும் நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் நம் கடைகளுக்குள் வருகிறார்கள். நிறைய பேர் வாங்க வருவதில்லை. ஏசியில் பத்து நிமிடம் நிற்கத்தான் வருகிறார்கள். அவர்களை விரட்டாத முதலாளிகளுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

அவர்களிடம் எல்லாரிடமும் பேசுவது போலப் பேசக் கூடாது. நான் முதலில் பார்ப்பது ஃபைலை. ஆஸ்பத்திரி ஃபைல் பைக்குள் இருந்தால் சும்மா சுற்ற வந்திருக்கிறார்கள். மடியில் வைத்துக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் ஏதோ கெட்ட சேதி கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அப்போது வாயைத் திறக்காமல் தண்ணீர் கொடுத்து, கேட்டதை எடுத்துக் கொடுத்து அனுப்ப வேண்டும். சிரிப்பு அவர்கள் பக்கமிருந்து வந்தால் வரட்டும், நாமாக ஆரம்பிக்கக் கூடாது.

ஒரு முறை அப்பா, பாட்டி, எட்டு வயசுப் பையன் வந்தார்கள். வங்காளக் குடும்பம். பையனுக்கு இடது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. வலது காலுக்கு மட்டும் செருப்பு வேண்டும். ஒற்றைச் செருப்பு விற்க முடியாது, ஜோடியாகத்தான் கொடுக்க முடியும் என்று கையைக் காட்டிப் புரியவைத்தேன். அப்பா முகம் வாடியது. ஃபைல் பைக்குள்தான் இருந்தது. பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பைக் காட்டி அவனிடம் “இது?” என்றேன். “ஜுத்தோ” என்றான். “ஜூட்டோ.” “நா நா! ஜுத்தோ.” நாலு முறை சொல்லவைத்தான். சரியாகச் சொன்னதும் வாத்தியார் மாதிரி தலையாட்டினான். வலது காலில் போட்டுவிட்டேன். இடது செருப்பை டப்பாவுக்குள் படுக்க வைத்து, மேலே காகிதத்தைப் போர்வை மாதிரி மூடி, விரலை உதட்டில் வைத்து “உஷ்” என்றேன். பையன் அப்பாவிடம் என்னமோ சொன்னான். பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பா அரைகுறை இந்தியில் எனக்குச் சொன்னார்: கட்டுப் பிரிக்கிற அன்றைக்குத்தான் அதை எழுப்ப வேண்டுமாம். அதுவரைக்கும் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாதாம்.

ஜோடியாகவே எடுத்துக்கொண்டு போனார்கள்.

தப்பும் செய்திருக்கிறேன். அதையும் எழுதாவிட்டால் இந்த மடல் முழுசாகாது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடமோ என்னமோ. ஏழெட்டு வயசுப் பெண் குழந்தை, அம்மாவோடு வந்திருந்தது. ரொம்ப நேரமாக ஒரு சிவப்பு பூட்ஸைத் தடவிக்கொண்டே இருந்தது, அம்மா விலையைப் பார்த்துவிட்டு வேறொன்றைக் காட்டினார். நான் கலகலப்பாகப் பேசுவதாக நினைத்து, “அப்பா கிட்ட சொல்லு பாப்பா, அப்பா பர்ஸுல நெறைய வெச்சிருப்பாரு” என்றேன். குழந்தை சாதாரணமாக, “அப்பா செத்துட்டாரு” என்றது. அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. கை மட்டும் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தது.

அதிலிருந்து எனக்கென்று ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். எங்கள் செக்‌ஷனுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஷூவைப் பற்றி விளையாடு, விரலைப் பற்றி விளையாடு, டப்பாவைப் பற்றி, தூணைப் பற்றி விளையாடு. வராத ஆளைப் பற்றிப் பேசாதே. பணத்தைப் பற்றிப் பேசாதே. கறுப்பு சிவப்பு, குண்டு ஒல்லி பேசாதே. “தம்பி பொறந்தா உன்ன மறந்துடுவாங்க” என்று குழந்தையிடம் சொல்லவே சொல்லாதே. நம் பக்கத்தில் எல்லாரும் அதை வேடிக்கையாகச் சொல்கிறார்கள், ராத்திரி படுத்துக்கொண்டு அழுகிற பிள்ளைகளை நான் அறிவேன். பேசி முடித்ததும் வந்தவர் முதலில் இருந்ததைவிட ஒரு படி உயர்ந்து நிற்க வேண்டும். “ஃபர்ஸ்ட் இயர்” பையன் மாதிரி.

வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்கள் தங்கள் பிள்ளைக்கு எடுக்க வரும்போது எனக்குத் தனி மரியாதை உண்டு. எந்தெந்த நாட்டுக் கால்களுக்கோ தைத்து அனுப்புகிறவர்கள். ஷூவை வாங்கியதும் விலையைப் பார்க்க மாட்டார்கள், உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவுவார்கள். “இன்ஸ்பெக்‌ஷன் வந்துட்டாங்கப்பா, எல்லாரும் நேரா நில்லுங்க” என்று நான் ஷெல்ஃபில் இருக்கிற ஷூக்களிடம் சொல்வேன். கூட வந்த பிள்ளைக்கு அம்மாவைப் பற்றி ஒரு பெருமை வரும் பாருங்கள். அந்த அக்காக்களில் ஒருவர், “இது தையல் லூசா இருக்கு, ஸ்டாக்க திருப்பி அனுப்பு” என்று நிஜமாகவே சொன்னார். பார்த்தேன், நிஜமாகவே லூசாகத்தான் இருந்தது. அந்த லாட்டைத் திருப்பி அனுப்பினோம்.

சரி, உங்களிடம் நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

முன்பு ஒரு கடையில் இருந்தேன். அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது: கஸ்டமரிடம் தேவையில்லாமல் பேசக் கூடாது. சிசிடிவியில் நான் சிரித்தது தெரிந்ததாம், சம்பளத்தில் 50 ரூபாய் பிடித்தார்கள். சத்தம் வராத கேமரா அது. என்ன பேசினேன் என்று யாருக்கும் தெரியாது. பல் தெரிந்தது, அது போதும் அவர்களுக்கு. இன்னொரு கடையில் இதற்கு நேர் எதிர். ட்ரெய்னிங் கொடுக்க ஆள் வரவழைத்து, ஒரு ஜோக்கை எழுதிக் கொடுத்து, வருகிற எல்லா கஸ்டமரிடமும் அதையே சொல்ல வேண்டும் என்றார்கள். ஒரே குடும்பத்திடம் மூன்று பேர் மூன்று கவுண்டரில் அதே ஜோக்கைச் சொன்னோம். நாலாவது ஆள் வாயைத் திறந்ததும் அந்தக் குடும்பத்துப் பாட்டி, “போதும்பா, கேட்டாச்சு” என்றார். ரெண்டுமே வேண்டாம் ஐயா. அபராதமும் வேண்டாம், எழுதிக் கொடுத்த சிரிப்பும் வேண்டாம். எதிரில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து அந்த நேரத்தில் தோன்றுவதைப் பேச விடுங்கள். தப்பாகப் பேசினால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். கஸ்டமர் முன்னால் சொல்லாதீர்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்றைக்கு நம் கடைகளில் கவுண்டரில் நிற்கிறவர்கள் நிறையப் பேர் அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பெண்கள். நான் ஒரு குழந்தையைச் சிரிக்கவைத்தால் “நல்ல மனுசன்” என்பார்கள். அதையே ஒரு பெண் செய்தால், கூட வந்த ஆம்பளை யாராவது அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நம்பர் கேட்பான். அந்த நேரத்தில் மேனேஜர் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் அந்தப் பெண் மறுநாள் சிரிப்பாளா மாட்டாளா என்பது. “நீ ஏன் சிரிச்ச?” என்று அவளைக் கேட்கிற கடைகள் எனக்குத் தெரியும். எங்கள் இப்போதைய மேனேஜர் அப்படி வந்த ஒருவரிடம் நேராகப் போய், “சார், உங்களுக்கு நான் எடுத்துக் காட்டறேன், வாங்க” என்று கூட்டிக்கொண்டு போனார். சத்தமும் இல்லை, சண்டையும் இல்லை. அந்தப் பெண் இன்றைக்கும் எங்கள் செக்‌ஷனிலேயே குழந்தைகளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்.

அப்புறம் ஸ்டூல். 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கக் கூடாது, இடையிடையே உட்கார இருக்கை போட்டுத் தர வேண்டும் என்பது சட்டம். கேரளத்துத் துணிக்கடைப் பெண்கள் போராடி அதற்கு முன்பே அங்கே வாங்கிய உரிமை இது. நம் ஊரில் பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. உட்காரத்தான் விடுவதில்லை. கஸ்டமர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதை இல்லையாம். பத்து மணி நேரம் நின்றால் சாயங்காலம் கால் வீங்கும். சாயங்காலம் ஷூ எடுக்க வாருங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும் என்று கஸ்டமருக்கு நாமே சொல்கிறோம். கடைக்காரப் பிள்ளைகளுக்கும் அதே கால்தான். குதிகால் விண்விண்ணென்று தெறிக்கும்போது யார் பெருவிரல் சாரைக் கூப்பிடுவார்கள்? எங்கள் செக்‌ஷனில் கூட்டம் அதிகம் ஏழு மணிக்குத்தான். அந்த நேரத்துக்குச் சிரிக்கத் தெம்பு வேண்டுமென்றால் மூன்று மணிக்குப் பத்து நிமிடம் உட்காரவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

நம் ஊர் சிரிக்கத் தெரியாத ஊர் இல்லை. ஆறு இருக்கு தண்ணி இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்ல என்று தன்னைத் தானே கேலி செய்துகொண்டு வளர்ந்த ஊர். 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குள் வந்துவிட்டார், ஒன்று கழிந்தது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது எங்கள் கடைக்கு வந்த தாத்தா ஒருவர் பேரனிடம், “தண்ணி இல்லன்னு இனிமே எவனும் சொல்லக் கூடாது, போய்ப் பாத்துட்டு வந்தாச்சு, இந்தா நனைஞ்ச செருப்பு சாட்சி” என்று செருப்பைத் தூக்கிக் காட்டினார். கவுண்டரில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் அவரோடு சேர்ந்து சிரித்தோம். அன்றைக்கு எங்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

செல்போனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கு ஷூ வருகிற காலம் இது. விலையும் சில நேரம் நம்மைவிடக் குறைவு. அப்படியிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஆயாவைக் கைப்பிடித்துக்கொண்டு, ரெண்டு பஸ் மாறி நம் கடைக்கு வருகிறார்கள். உங்கள் கடையில் நிற்கிற பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்கள், எந்தக் குடும்பம் எந்த ஆளைத் தேடி வருகிறது என்று சொல்வார்கள். “அந்தப் பெருவிரல் மாமா இருக்காரா?” என்று கேட்டுக்கொண்டு வருகிற பிள்ளைகள் எனக்கு இருக்கிறார்கள். அதில் முதலில் வந்தவன் இப்போது காலேஜ் படிக்கிறான், சைஸ் 9. போன தீபாவளிக்கு வந்து காலை நீட்டி, நான் தட்டுவதற்கு முன்பே, “உள்ளதான் இருக்காரு மாமா” என்றான்.

ஜூன் வரப்போகிறது. கறுப்பு ஷூ ஸ்டாக் இறக்குகிறபோது கூடவே அந்த நோட்டீஸைச் சுவரிலிருந்து கிழித்துவிடுங்கள். ஸ்டூலை கவுண்டருக்குப் பின்னால் போடுங்கள். தூணில் பாவாடை கட்டிய அந்தப் பெண் எந்தக் கடையில் இருக்கிறாள் என்று அந்தக் கடை முதலாளிக்குத் தெரியும், இதைப் படித்தால் புரிந்துகொள்வார். அவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான் உண்டு. என் தங்கச்சி பெண்ணுக்கு இன்னும் ரெண்டு பாவாடை எடுக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் திரும்ப வரும்போது அந்தப் பிள்ளையையே அந்த கவுண்டரில் நிறுத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் செக்‌ஷனில் வேலை செய்யும் ஒருவன்,
வேலூர்.